நம்மாளா?

கதவு மணி அடித்தால் எழுந்து போய்த் திறப்பவர்கள் உண்டு. கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்ப்பவர்களும் உண்டு. அவர் இரண்டும் செய்யமாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, "யாருங்க? நம்மாளா?" என்று குரல் கொடுப்பார். புனேக்குப் பக்கத்தில், தேஹு ரோட்டில் எங்கள் குடியிருப்புக்குப் பால் கொண்டுவருகிற மராத்திக்காரருக்குக்கூட அது பழகிப்போயிருந்தது. மாடிப்படி ஏறும்போதே "நம்மாளா, நம்மாளா" என்று சொல்லிக்கொண்டுதான் ஏறுவார். அது ஒரு கேள்வி என்று அவருக்குத் தெரியாது. தமிழர்கள் வணக்கம் சொல்கிற விதம் என்று நினைத்திருந்தார் பாவம்.

அப்படிக் குரல் கொடுக்கிறவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருடைய மகள் இதைப் படிக்கமாட்டாள், அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனாலும் வேண்டாம். கோபிச்செட்டிபாளையத்துப் பக்கத்து மனிதர், பாதி வயதைப் புனேயில் கழித்தவர், அது போதும். இத்தனை வருஷம் இருந்தும் இந்தி மட்டும் அவரிடம் பிடிபடவில்லை. ஊர் மரியாதையை அதிலும் சேர்த்துத்தான் பேசுவார். "ஆவோங்க, பைட்டோங்க" என்பார். வடக்கத்தி அதிகாரிகள் அதைக் கேட்டு மயங்கிப்போய் உட்கார்ந்துவிடுவார்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் குழுவுக்கு அவர்தான் தலைவர். நான் திருநெல்வேலிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். முதல் நாளே என்னை நிமிர்ந்து பார்த்து, "தமிழுங்களா? அப்ப நம்மாளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அப்பா பெயர் கேட்டார், ஊர் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வி எதற்கென்று நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் பதில் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரச்சொல்லிவிட்டார்.

வேலை என்ன என்பதை அப்போது வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளே இணையத்தில் படித்துவிடுகிற சங்கதிதான். நடுக்கடலில் ஒரு போர்க்கப்பல் நிற்கிறது. எதிரி விட்ட ஏவுகணை அலையை உரசிக்கொண்டு வருகிறது. அவ்வளவு தாழ வருவதால் தூரத்தில் இருக்கும்போது கண்ணுக்கும் தெரியாது, ராடாருக்கும் தெரியாது. தெரிகிறபோது கிட்டத்தில் வந்திருக்கும். ஒரு தும்மல் போட்டு மூக்கைத் துடைக்கிற நேரம்தான் மிச்சம் இருக்கும். அதற்குள் கப்பலில் இருந்து சின்ன ஏவுகணை ஒன்று கிளம்பிப் போய் வழியிலேயே அதை அடித்துவிட வேண்டும். கிட்ட வந்ததைப் பாய்ந்து தடுக்கிற இந்த ஏற்பாட்டில் ஒரு பகுதி எங்கள் குழுவுடையது.

மற்றவர்கள் எல்லோரும் எப்படிச் சீக்கிரம் பார்ப்பது, எப்படிச் சீக்கிரம் அடிப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதற்கும் அடிப்பதற்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. வருகிறது எதிரியா, அல்லது கப்பலுக்குத் திரும்பிவருகிற நம்முடைய ஹெலிகாப்டரா? கப்பல் அந்தக் கேள்வியை அலைவழியாகக் கேட்கும். நம்முடையதாக இருந்தால் அதற்குள் இருக்கிற பெட்டி சரியான பதிலைச் சொல்லும். அந்தக் கேள்விதான் அவருடைய வேலை. குழுவுக்குள் அந்தப் பகுதிக்கு 'நம்மாளா' என்றே பெயர் வைத்திருந்தோம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு மராத்திப் பெண் இதில் மாட்டிக்கொண்டாள். மராத்தியில் 'லா' என்றால் 'க்கு'. ராமலா என்றால் ராமனுக்கு. ஆகவே 'நம்மா' என்று ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார், எந்தக் கேள்வியானாலும் நம்மாவுக்குத்தான் போகிறது, அவர் சொன்ன பிறகுதான் சுடவேண்டும் என்று அவள் புரிந்துகொண்டுவிட்டாள். இரண்டு மாதம் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக வந்து, நம்மா சாஹேப் எந்த அறையில் உட்காருகிறார், ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டாள். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவரிடம் சொன்னபோது கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "நம்மா சாஹேப் எல்லார் ரூம்லயும் உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க அம்மிணி" என்றார். அன்று அது எனக்கும் வேடிக்கையாகத்தான் பட்டது.

எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற மனிதர் அவர். அலுவலகப் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான் வேண்டும். பழைய மும்பை சாலையில் லாரி வந்தால் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். ஓட்டுநர், பிரேக் என்னிடம் இருக்கிறது சாஹேப் என்று தினமும் சொல்வார். தினமும் சரி சரி என்பார், அடுத்த லாரிக்கு மறுபடி அழுத்துவார். ரயில் நிலையத்தில் நின்றால் இன்னும் மோசம். தூரத்தில் புள்ளியாகத் தெரியும்போதே அது நின்றுபோகிற லோக்கலா, நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸா என்று சொல்லிவிடுவார். "நம்மளுது இல்லீங்க" என்பார். தவறியதே இல்லை. எப்படி என்று கேட்டதற்கு, நம்மை நோக்கி நேராக வருவது நகர்கிற மாதிரியே தெரியாது, அதே இடத்தில் நின்றுகொண்டு பெரிதாகிக்கொண்டே இருக்கும், விலகிப் போவதுதான் நகரும் என்றார். கடலிலும் அப்படித்தானாம்.

இவரை வெறுக்க முடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். என் வீட்டுக்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊரிலிருந்து எங்கள் சனம் வந்து சேர்கிறவரை ராத்திரி எல்லாம் அவர் கட்டிலுக்குக் கீழே துண்டை விரித்துப் படுத்தவர் இவர்தான். நான் நன்றி சொல்ல வாயெடுத்தபோது, நம்மாளுக்குப் பண்ணாம வேற யாருக்குப் பண்றது என்று கோபித்துக்கொண்டார். அக்கா, அதாவது அவருடைய மனைவி, காலையும் மாலையும் கஞ்சி கொடுத்து அனுப்பினாள். அதை மறந்தால் என் நாக்கு அழுகிப் போகும்.

கப்பலில் நடந்த ஒத்திகைக்கு ஒருமுறை அவர் போயிருந்தார். ஏவுகணை எதுவும் மாட்டவில்லை, வெறும் பயிற்சி. திரையில் ஒன்று வந்துகொண்டிருந்தது. கேள்வி போனது. பதில் வரவில்லை. அந்த நாளில் இருந்த விதிப்படி, ஒரு தடவை கேட்டுப் பதில் இல்லை என்றால் எதிரி. அடித்தாயிற்று என்று திரை காட்டியது. எவ்வளவு வேகம் என்று எல்லோரும் கைதட்டினார்களாம். வந்தது நம்முடைய ஹெலிகாப்டர்தான், அதிலிருந்த பெட்டி பழுதாகிக் கிடந்தது என்பது பிறகு தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அதன் விமானி இறங்கிவந்து இவருக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியும் ஆம்லெட்டும் சாப்பிட்டிருக்கிறான். இதை எங்களிடம் கேன்டீனில் சொல்லும்போது அவருக்குத் தட்டில் கை போகவில்லை.

"நம்ம கணக்குல அவன் செத்துப்போய்ட்டானுங்க அம்மிணி. செத்தவன் எம்முன்னால உக்காந்து சாஸ் கேக்கறான்."

அதற்குப் பிறகு அவர் பழைய ஆள் இல்லை. இன்னொரு தடவை கேட்காமல் சுடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். இன்னொரு தடவை கேட்டால் நேரம் போய்விடும், அதற்குள் கப்பலே போய்விடும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அதிலும் நியாயம் இருந்தது. இவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பலில் ஏவுகணை ஏற்றிய கூண்டு இலக்கை நோக்கித் திரும்புவதற்கு ஒரு கணம் ஆகும் இல்லையா, அது திரும்புகிற நேரத்திலேயே மறுபடி கேட்டுவிடலாம். யார் எதிர்த்து வாதாடினாலும் கடைசியில் ஒன்றையே சொல்வார். பதில் வரலைன்னா எதிரின்னு அர்த்தம் இல்லீங்க, பதில் வரலைன்னு மட்டும்தான் அர்த்தம், இன்னொருக்கா கேளுங்க. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு பெருமை.

எங்கள் சோதனைக் கருவிகளை நிறுத்திவைக்கிற இரும்புத் தாங்கிகளைக் கசார்வாடியில் ஒரு சின்னப் பட்டறையில் செய்து வாங்குவோம். அங்கே முருகேசன் என்று ஒரு பையன் மேற்பார்வை பார்த்தான். டிப்ளமா படித்தவன், மராத்தியை மராத்திக்காரன் போலப் பேசுவான். முதலில் அவன் தமிழன் என்றே எங்களுக்குத் தெரியாது. கைப்பேசி இல்லாத அந்தக் காலத்தில் ஒருநாள், பட்டறைத் தொலைபேசியில் அவன் அம்மாவிடம் தமிழில் சத்தம் போடுவதை இவர் கேட்டுவிட்டார். குதிக்காத குறைதான். நம்மாளாப்பா நீ என்று தோளைப் பிடித்து உலுக்கினார். அன்றிலிருந்து கசார்வாடி போனால் முருகேசனோடு உட்கார்ந்து வடாபாவ் தின்னாமல் திரும்பமாட்டார். அங்கே எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. வடாபாவுக்கு அது தேவைப்படவில்லை.

எங்களுக்குத் தாங்கிகள் கொண்டுவந்து கொடுக்க முருகேசன் தேஹு ரோட்டுக்கும் வருவான். அவனுடைய வீடும் அங்கேதான், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். சாருடைய ஒரே மகள் கவிதா அப்போது படித்து முடித்துத் தளேகாவில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இருவரும் காலையில் ஒரே ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தேன், அக்கா பார்த்தாள், ஆட்டோக்காரன் பார்த்தான். புள்ளியாக இருக்கும்போதே ரயிலைச் சொல்லிவிடுகிற மனிதருக்கு மட்டும் தெரியவில்லை. நேராக அவரை நோக்கி வந்ததால் அது நகர்வதாகவே அவருக்குத் தோன்றவில்லையோ என்னவோ.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னை எங்கள் ஊர்ச் சொதிக் குழம்பு வைத்துக் காட்டக் கூப்பிட்டிருந்தாள். கவிதா சொல்லித்தான் கூப்பிட்டாள் என்பது பிறகு புரிந்தது. துணைக்கு ஒரு வாய் வேண்டும் என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரம் மணி அடித்தது.

"யாருங்க? நம்மாளா?"

"நம்மாளுதான் சார்" என்றது வெளியிலிருந்து முருகேசனின் குரல்.

அவரே எழுந்து ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். தன்னுடைய நாற்காலியில் அவனை உட்காரவைத்து, மின்விசிறியைத் தட்டிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டு, காப்பி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். தாங்கி விஷயமாக வந்திருக்கிறான் என்றே நினைத்தார். முருகேசன் கையில் பேடா டப்பா ஒன்று இருந்தது. அதை முன்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல், கவிதாவைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள அவர் சம்மதம் வேண்டும் என்று சொன்னான். குரல் நடுங்கியது. ஆனாலும் முழுதாகச் சொன்னான். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. முதல் நாள் என்னைக் கேட்ட அதே குரலில், ஊர் எது என்று கேட்டார். வேலூர்ப் பக்கம், தாத்தா காலத்திலேயே இங்கே வேலைக்கு வந்துவிட்டோம் என்றான். ஊருக்குள்ளயா என்று கேட்டார். அந்தப் பையன் அந்த ஊரைப் பார்த்தது கிடையாது. அங்கே எந்தப் பேருந்து போகும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"இல்ல சார். காலனி" என்றான்.

அவர் எழுந்து நின்றார். பேடா டப்பாவை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "போங்க" என்றார்.

நம் வீடுகளில் பரம எதிரிக்கும் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். வெறும் 'போங்க' என்றால் அது துடைப்பத்தால் அடித்த மாதிரி. அதுவும் எல்லாவற்றிலும் மரியாதை சேர்க்கிற அந்த வாயிலிருந்து. முருகேசன் டப்பாவை வாங்கிக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். காப்பித் தம்ளரோடு அக்கா நடைவாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"நீ? நீ நம்மாளா?"

கவிதா வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்குத் தமிழ் சண்டை போடுகிற அளவுக்கு வராது. சாப்பாடு கேட்க வரும், அப்பாவிடம் செல்லம் கொஞ்ச வரும், அவ்வளவுதான். ஆத்திரம் வந்தால் அவளுக்கு மராத்திதான் வரும். அந்தப் பாஷையில் அப்பாவை எதிர்த்துப் பேச அவளுக்கு மனசு இல்லை என்று எனக்குத் தோன்றியது. கன்னத்தில் தண்ணீர் வழிய அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பதில் வரலீங்க" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. சொல்லிவிட்டுச் சுவரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

அவள் கைப்பையை எடுத்தாள். செருப்பை மாட்டினாள். வாசலில் நின்று, "யேத்தே" என்றாள். பள்ளிக்கூடம் போகிற நாளிலிருந்து வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவள் சொல்கிற சொல்தான். மராத்திக்காரர்களும் நம்மைப் போலத்தான், போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், வருகிறேன் என்பார்கள். அவள் வருகிறேன் என்றுதான் சொன்னாள். எனக்குக் கேட்டது, அக்காவுக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும், சத்தியமாகக் கேட்டிருக்கும்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். மறுநாள் அலுவலகத்தில் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு சில வாரத்தில் எங்கள் வேலையைப் பார்வையிட மேலிடத்திலிருந்து வந்தார்கள். சீருடை போட்டவர்கள், போடாதவர்கள் என்று ஒரு பெரிய மேசை முழுக்க ஆட்கள். வேகம் போதாது, இரண்டாவது தடவை கேட்பதை எடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். இவர் எழுந்தார். இவ்வளவு அழகாக இவருக்கு ஆங்கிலம் வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வருகிற அந்த ஹெலிகாப்டருக்குள் யாரோ பெற்ற பிள்ளை இருக்கிறது, அது பேச முடியாத நிலையில் இருக்கலாம், பேசாததற்காக அதைக் கொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று கேட்டார். கடைசியில் குரல் உடைந்துபோயிற்று. இரண்டாவது கேள்வி இருக்கட்டும் என்று முடிவானது. எல்லோரும் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்கள்.

இது என்ன மனுஷன் என்று இருந்தது. தாழ்வாரத்தில் அவரை மறித்துக்கொண்டேன். நீளமான வாய் அன்றைக்காவது உதவட்டும் என்று கேட்டேவிட்டேன்.

"பதில் வரலைன்னா எதிரின்னு அர்த்தம் இல்லைன்னு நீங்கதான சார் சொன்னீங்க? வீட்ல ஏன் சார் இன்னொருக்கா கேக்கல?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"அது கப்பலுங்க அம்மிணி. இது வீடு."

சரி சார் என்று வந்துவிட்டேன். அவர் ஓய்வு பெறுகிறவரை வேலைப் பேச்சைத் தவிர வேறு பேசவில்லை. அவருடைய இரண்டாவது கேள்வி இப்போதும் ஏதாவது ஒரு கப்பலில் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். யாராவது ஒரு விமானி அதனால் பிழைத்திருந்தால் அவனுக்கு அது தெரியவே போவதில்லை.

ஓய்வு பெற்றபின் அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை. தேஹு ரோட்டிலேயே ஒரு வீடு வாங்கிக்கொண்டு இருந்துவிட்டார்கள். கவிதாவும் முருகேசனும் கசார்வாடியில் குடியிருந்தார்கள். அக்கா மாதத்தில் இரண்டு தடவையாவது தூக்குப்பாத்திரத்தோடு அங்கே போய்வருவாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டதில்லை. ஆனால் அக்கா கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கடைக்குப் போய்ப் பழம் வாங்கிவந்து மேசைமேல் வைத்துவிடுவார். இரண்டு கிழங்கள் தின்றுதீர்க்க முடியாத அளவுக்குப் பழம். அக்கா பேசாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொள்வாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

கதவு மணி அடித்தால் "யாருங்க? நம்மாளா?" என்று கேட்பதையும் அவர் விட்டுவிட்டார். முதல் மணி ஓய்வதற்குள் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிடுவாராம். திறந்துவிட்டு, வந்திருப்பது யார் என்று பார்த்ததும், உள்ளே வந்து மறுபடி உட்கார்ந்துகொள்வாராம். பால்காரர் மட்டும் இன்னமும் "நம்மாளா, நம்மாளா" என்று சொல்லிக்கொண்டே மாடி ஏறுவார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை என்று அக்கா சொன்னாள்.

காலையில் செய்தித்தாள் வாங்குகிற சாக்கில் ஸ்டேஷனுக்குப் போவார். செய்தித்தாள் வீட்டுக்கு எதிரே உள்ள கடையிலேயே கிடைக்கும். கவிதா இன்னமும் தளேகாவ் வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். கசார்வாடியில் ஏறுகிற அவளுடைய லோக்கல் தேஹு ரோட்டில் நின்று போகும். பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்துக்கு நேரே தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். இதைக் கவிதாவே எனக்குச் சொன்னாள். "அப்பா தேக்கறதே இல்லாத மாதிரி தேக்கறாரு ஆன்ட்டி" என்றாள், பார்ப்பதற்குத் தமிழ்ச் சொல் சட்டென்று கிடைக்காமல் இந்தியைச் சேர்த்து. ஒருநாள் இறங்கிப் பேசேன் என்றேன். அன்னிக்குக் கேட்டாரே, அதுக்கப்புறம் ஒரு தடவைகூட என்னை எதுவும் கேக்கல, கேக்கட்டும் என்றாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள்.

கடைசியாக நான் அவர் பக்கத்தில் நின்றது ஒரு மழைநாள் காலையில். தளேகாவில் எனக்கு ஒரு வேலை இருந்தது. பிளாட்பாரத்தில் அவரைப் பார்த்ததும் போய் நின்றேன். ஆள் நன்றாக இளைத்திருந்தார். ஸ்வெட்டருக்குள் தோள் எங்கேயோ இருந்தது. சௌக்கியமா என்று கேட்டேன். தலையாட்டினார். தண்டவாளம் வளைகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"நம்மளுதுதான்" என்றார்.

லோக்கல் வந்து நின்றது. பெண்கள் பெட்டியின் வாசலில் கவிதா நின்றிருந்தாள். பள்ளிக்கூட விடுமுறை போலிருக்கிறது, மகளையும் கூட்டிவந்திருந்தாள். நெற்றியும் மூக்கும் அவருடையதை உரித்து வைத்த குழந்தை. அவர் தாளை இறக்கிவிட்டார். அன்றைக்கு அவர் பார்க்காத மாதிரி பார்க்கவில்லை, நேராகப் பார்த்தார். கவிதாவும் பார்த்தாள். ஏறவேண்டியதை மறந்து நானும் நின்றுவிட்டேன்.

குழந்தை அம்மாவின் துப்பட்டாவை இழுத்து, அவரைக் கை காட்டி, கணீரென்று மராத்தியில் கேட்டது.

"ஆயீ, ஹே ஆப்லே கா?"

ஆயீ என்றால் அம்மா. அம்மா, இவர் நம்மாளா?

கவிதா வாயைத் திறந்தாள், மூடினாள். அன்று கூடத்தில் நின்ற அதே முகம். நான் கத்திச் சொல்லியிருப்பேன். ஆனால் கேள்வி என்னைக் கேட்கவில்லையே. ரயில் ஊதிவிட்டு நகர்ந்தது.

அவர் அதோடு கூடவே நடந்தார். பிறகு அந்த வயதில் ஓடினார். செய்தித்தாள் கையிலிருந்து விழுந்து நனைந்தது. குழந்தைக்குத் தமிழ் தெரியாது, சக்கரச் சத்தத்தில் கேட்டிருக்கவும் கேட்டிருக்காது. ஆனாலும் பெட்டியின் வாசலைப் பார்த்துக் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

"இன்னொருக்கா கேளு சாமி. அம்மாவ இன்னொருக்கா கேளு."